நிரல் நிறமேற்றுக் குழுவின் பொற்காலம்

கறுப்பு வெள்ளையில் உருப்பட்ட நிறுவனம் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இந்த மகத்தான உண்மையை எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதி வைக்கவில்லை. தானியங்கிக் கதவுகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனம்தான் ஒன்பது கூட்டங்கள் கூடி இதைக் கண்டுபிடித்து உலகுக்கு வழங்கியது. அந்தப் பெருமையில் பங்கு கிடைக்காத ஒரே ஆள் விக்கியம்மா.

அது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அலுவலகத்தில் 'விக்கி' என்று ஒரு இணையப் பலகை உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எந்தக் கதவுக்கு எந்த நிரல் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. பதினோரு வருஷமாக அதைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவர் அவர். முதன்முதலில் அவர் போய், "நமக்கு ஒரு விக்கி வேணும் சார்" என்று கேட்டபோது, மேலாளர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நிறுவனத்தின் தொழில்நுட்ப அறிவு அப்போதே அந்த உயரத்தில் இருந்தது.

வினை ஒரு பல் மருத்துவமனையில் ஆரம்பித்தது. கதவு பொருத்தப் போன மெக்கானிக், விக்கியிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே நகலெடுத்துக் கணினியில் ஓட்டிவிட்டார். அந்தப் பக்கத்தின் நடுவில், 'சோதனைக்கு மட்டும். உள்ளே ஆள் இருக்கும்போது ஓட்டாதே' என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே, எல்லாக் கதவையும் பூட்டும் கட்டளை. குறிப்பும் கறுப்பு, கட்டளையும் கறுப்பு. பார்க்க எறும்பு வரிசை மாதிரி இருந்தது. பதினாலு பேர் நாற்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். டாக்டர் கதவைத் தள்ளப் போய்விட்டதால், நாற்காலியில் வாயைத் திறந்திருந்தவர் நாற்பது நிமிடமும் திறந்தபடியே இருந்தார்.

விக்கியம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த முறை அது பல் ஆஸ்பத்திரியாக இல்லாமல் அவசர சிகிச்சைப் பிரிவாக இருந்தால்? மறுநாள் காலையிலேயே மேலாளர் முன்னால் போய் நின்றார்.

"சார், விக்கில ப்ளகின்னு ஒரு குட்டித் துணை மென்பொருளைச் செருகினாப் போதும். கட்டளை ஒரு நிறம், எண் ஒரு நிறம், குறிப்பு சிவப்புன்னு அதுவே பிரிச்சுக் காட்டிடும். ஒரு பிரதியில போட்டே பாத்துட்டேன். எட்டு நிமிஷ வேலை."

அவர் நீட்டிய மடிக்கணினித் திரையில் எச்சரிக்கை பளிச்சென்று சிவப்பாக நின்றது. மேலாளரின் முகம்தான் வெளுத்தது.

"எட்டு நிமிஷமா?"

"ஆமா சார்."

"எட்டு நிமிஷ வேலைய பதினோரு வருஷமா ஏன் செய்யலைன்னு பெரியவர் கேட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது? இதை இன்னும் கொஞ்சம் பெரிய வேலையா ஆக்கணும்மா."

இப்படித்தான் பெரியவர் எனப்பட்ட இயக்குநரையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர் கொண்ட 'நிரல் நிறமேற்றுக் குழு' பிறந்தது. விக்கியம்மா அதில் இல்லை. வேலை செய்பவர்கள் முடிவெடுத்தால் 'பாரபட்சம்' வந்துவிடும் அல்லவா? அவர் 'சிறப்பு அழைப்பாளர்'. அதாவது, கதவோரம் நிற்கலாம்.

முதல் மூன்று கூட்டங்களில் சிவப்பு ஒழிந்தது.

"சிவப்பப் பாத்தா ஜனங்க பயந்துடுவாங்க" என்றார் விளம்பரப் பிரிவுத் தலைவர்.

"பயப்படணும்னுதாங்க அந்த வரியே எழுதியிருக்கு" என்றார் விக்கியம்மா.

"நம்ம நிறுவனம் யாரையும் பயமுறுத்தாது மேடம். கதவைப் பூட்டலாம். பயமுறுத்தக் கூடாது."

மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு தத்துவம் உதிர்த்தார். "குறிப்புங்கறது என்ன? கம்ப்யூட்டரே படிக்காம தாண்டிப் போற வரி. கம்ப்யூட்டரே படிக்காதத மனுஷன் எதுக்குப் படிக்கணும்?"

அறை மெய்சிலிர்த்தது. குறிப்புகளுக்கு 'முத்து வெண்மை' என்று ஒருமனதாக முடிவாயிற்று.

விக்கியம்மாவின் கணவர் பெயின்ட் கடை வைத்திருந்தார். அன்று மாலை அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்தது.

"என்னங்க, முத்து வெண்மைன்னா எப்படி இருக்கும்?"

"வெள்ளையாத்தான் இருக்கும்."

"அதை வெள்ளைச் சுவத்துல அடிச்சா?"

"அடிச்சவனுக்கு மட்டும்தான் தெரியும், அடிச்சான்னு. எந்தப் புண்ணியவான் கேக்கறான்?"

"பதினெட்டு பேரு கேக்கறாங்க."

"பதினெட்டு பேரா? அப்ப நீ வாயத் திறக்காத. ஒருத்தன்னா புத்தி சொல்லலாம்."

விக்கியம்மா சொல்லத்தான் செய்தார். அடுத்தடுத்து மூன்று கூட்டங்களில் சொன்னார். 'சிறப்பு அழைப்பாளரின் கவலையைக் குழு மனதாரப் பாராட்டியது' என்று மூன்று முறையும் பதிவாயிற்று.

இதற்கிடையில் ஒவ்வொரு பிரிவும் தனக்கென ஒரு ப்ளகின் கேட்டது. பக்கத்துப் பிரிவுக்கு இருந்து நமக்கு இல்லையென்றால் மானம் என்ன ஆவது? மொத்தம் ஏழு செருகப்பட்டன. ஒன்று பச்சை பூசிய சொல்லுக்கு இன்னொன்று நீலம் பூசியது. மூன்றாவது, 'இது சொல்லே அல்ல' என்று அடிக்கோடு போட்டது. ஒருவருடைய விடுப்புக் கடிதத்தில் 'காய்ச்சல்' என்பது கட்டளையாகக் கணிக்கப்பட்டு ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. ஒரு பக்கம் திறக்க ஆறு நிமிடம் பிடித்தது. "அழகு மெதுவாத்தாம்மா வரும்" என்றார் மேலாளர்.

தொடக்க விழா வந்தது. கூட்ட அறையில் பதினெட்டு நாற்காலிகள்தான் என்பதால் விக்கியம்மாவுக்கு வெளியே பணி. விழாவின் கண்ணியம் கருதி எல்லாருடைய செல்போன்களும் ஒரு கூடையில் போடப்பட்டன. கூடை அவர் கையில். ரகசியக் கூட்டங்களுக்காகப் போட்ட ஒலி புகாத கண்ணாடி வழியே அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் காலையில் நீர் மாத்திரை போட்டிருந்தார். அதற்கு மேல் இரண்டு பாட்டில் தண்ணீரும் குடித்திருந்தார். அந்த உற்சாகத்தில் பொத்தானை அழுத்தினார். ஆறு நிமிடம் கழித்து, திரையில் அதே பூட்டும் கட்டளைப் பக்கம் ஏழு நிறத்தில் மலர்ந்தது. கைதட்டல். எச்சரிக்கை இருந்த இடத்தில் மட்டும் பளிங்கு போல ஒரு வெற்றிடம்.

உள்ளே பெரியவர் ஏதோ சொல்வதும், மேலாளர் "உங்க கையாலேயே ஓட்டுங்க ஐயா" என்று கணினியை அவர் பக்கம் நகர்த்துவதும் உதட்டசைவிலேயே விக்கியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அலுவலகக் கதவுகளும் அதே மென்பொருளில்தான் ஓடின. அவர் கூடையோடு பாய்ந்து கண்ணாடியில் தட்டினார். இரண்டு கையையும் ஆட்டினார். உள்ளே இருந்தவர்கள் வாழ்த்து என்று எண்ணிப் பதிலுக்குக் கையாட்டினார்கள்.

டக். டக். டக். மாடி முழுக்கக் கதவுகளில் பூட்டு விழுந்தது.

எந்தக் கணினி பூட்டியதோ அதனால்தான் திறக்க முடியும். அது நிறுவனத்தின் பாதுகாப்பு விதி. மேலாளர் 'கதவைத் திறப்பது எப்படி' என்ற பக்கத்தைத் திறந்தார். அது ஐந்து நிமிடம் நிறம் பூசி, ஆறாவது நிமிடத்தில் திருப்தி இல்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தது. பெரியவர் முதலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். பிறகு காலை மாற்றி மாற்றி நின்றார். அவர் முகத்தில் குழு இதுவரை பரிசீலிக்காத நிறமெல்லாம் வந்து போயின.

விக்கியம்மா பிரின்டரிலிருந்து ஒரு தாளை உருவி, தடித்த பேனாவால் திறக்கும் கட்டளையைப் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தார். உள்ளே விளம்பரப் பிரிவுத் தலைவர் அதை உற்றுப் பார்த்து, 'ஏன் கறுப்பு?' என்று சைகையில் கேட்டார். பெரியவர் அவரை ஓரங்கட்டித் தள்ளிவிட்டு, ஒற்றை விரலால் தானே தட்டினார். கதவு திறந்தது. கழிப்பறை வரை அவர் போன வேகத்தை அவர் வயதில் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

அன்று மதியமே, யாரிடமும் கேட்காமல், விக்கியம்மா ஏழு ப்ளகின்களையும் பிடுங்கி எறிந்து, முதலில் பிரதியில் போட்டுப் பார்த்த அந்த ஒன்றைச் செருகினார். கை பழகியிருந்ததால் ஏழே நிமிடம். எச்சரிக்கை சிவந்து நின்றது. பதினோரு வருஷத்தில் அவர் அன்றுதான் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் விசாரணை. நேரில் கண்ட சாட்சிகள் என்ற தகுதியால் அதே குழுவே நடத்தியது. மேலாளர் அறிக்கையைக் கணீரென்று வாசித்தார்.

"பூட்டு விழுந்தப்போ பதினெட்டு பேரும் உள்ள. வெளிய இருந்தது நீங்க ஒருத்தர்தான். அதுவும் எல்லாருடைய போனையும் கையில வெச்சுக்கிட்டு. கதவு பூட்டும்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. சரியா?"

"தெரியும் சார்."

மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்படித் தெரியும்?"

"அந்த வரிய ஓட்டினா கதவு பூட்டும். வேலை தெரிஞ்ச யாருக்கும் அது தெரியும் சார்."

பதினெட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலாளர் மெதுவாகப் பேனாவைத் திறந்து எழுதினார்: 'தமக்கு வேலை தெரியும் என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகவே ஒப்புக்கொண்டார்.'

அந்த நிறுவனத்தில் வேறு எவர்மீதும் இன்றுவரை நிரூபிக்க முடியாத குற்றம் அது.