காதோடு சொன்ன முதலிடம்

பெயர் மாடக்கண்ணு, வயது இருபத்தைந்து, இருப்பது மஸ்கட்டில். ஊரில் என் அக்கா முத்துராணிக்கு நடந்ததை நம் ஆட்கள் எல்லாரும் கேட்கட்டும் என்று சொல்கிறேன்.

குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்குக் கூட்டம் கூடுவது புதிதல்ல. காளி, குரங்கு, போலீஸ் என்று காப்புக் கட்டி வேடம் போட்டவர்கள் கடற்கரை முழுக்க நிற்பார்கள். இந்த வருஷம் அவர்களில் பாதிப் பேர் அம்மனைக் கும்பிட்ட கையோடு இன்னொரு பந்தலில் போய் வரிசை கட்டினார்கள். உள்ளே கான்பரன்ஸ் சித்தர் உட்கார்ந்திருந்தார்.

மூலிகைச் சித்தர் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியில் அணிகளைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்து ஆடவிடுவார்கள். அந்தப் பிரிவுக்குப் பெயர்தான் கான்பரன்ஸ். இனிமேல்தான் ஆட்டமே தொடங்கப்போகிறது. ஆனால் எந்தப் பிரிவில் எந்த அணி எந்த இடம் என்று சித்தர் இப்போதே சொல்லிவிடுவார். அங்கே பயிற்சி கொடுக்கிறவனுக்கே தெரியாது. இங்கே திருநீறு பூசியவருக்குத் தெரியும்! கிழக்கு என்றால் கடலைப் பார்த்துக் கண்ணை மூடுவார். மேற்கு என்றால் பொதிகை மலைப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவ்வளவுதான் சாஸ்திரம்.

பழைய பெயர் குற்றாலலிங்கம். முதலில் கிரிக்கெட்டுக்கு ஆருடம் சொன்னவர்தான். ஆனால் கிரிக்கெட் ஊரில் எல்லாருக்கும் தெரிந்து தொலைக்கிறது. அதனால் யாருக்கும் தெரியாத விளையாட்டுக்கு மாறினார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

அக்காவின் புருஷன் சுடலையாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அந்த வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அதை விற்று, சித்தர் சொல்லும் அணியின் மேல் செல்போன் பந்தயத்தில் பணம் கட்டுவது என்று முடிவு பண்ணி, வாங்குகிற ஆளைப் பந்தலுக்கே கூட்டி வந்துவிட்டார். சித்தர் சாவியைத் தொட்டுக் கொடுத்தால் வண்டி அங்கேயே கைமாறும். விஷயம் கேள்விப்பட்ட முத்துராணி தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடி வந்தாள்.

"ஏங்க, வண்டிய வித்துட்டு நாளைக்கு என்னத்த ஓட்டுவிய?"

"ஏட்டி, சும்மா கெட. கிழக்குல யாரு மொதலிடம்னு சித்தரு காதுல சொல்லிட்டாரு."

"யாராம்?"

"சொல்லப்படாது. வெளிய சொன்னா பலன் செத்துப்போவும்."

முத்துராணி பள்ளிக்கூட நாளில் பாளையங்கோட்டை வரை போய்க் கூடைப்பந்து ஆடியவள். ஒருத்திக்குக் கணுக்கால் பிசகினால் மொத்த அணியும் படுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். கிரகம் வந்து பந்தைத் தட்டிவிட்டதை மட்டும் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

போலீஸ் வேடக்காரர் மீசையை முறுக்கினார். "சந்தேகப்படாத தாயி. போன வருசம் எனக்கு அப்படியே பலிச்சுது."

"ஒமக்குப் பலிச்சுது, சரி அண்ணாச்சி. பலிக்காத ஆளு யாரும் இருக்கியளா?"

ஒரு குரங்கு வேடம் பைய வாயைத் திறந்தது.

"எனக்குப் பலிக்கல. ஏன்னு கேட்டதுக்கு, 'யார்ட்டயாவது சொன்னியாலே?'ன்னாரு. பொண்டாட்டிட்ட மட்டும் சொன்னேன்னேன். 'அதாம்லே!'ன்னுட்டாரு."

அமெரிக்காவில் ஓர் அணி தோற்றதற்கு, இங்கே மாவாட்டிக்கொண்டிருந்த ஒருத்தி காரணம்! அதற்கும் கூட்டம் தலையாட்டியது.

"பெறவும் வந்து நிக்கியளே?"

"இந்த வருசம் அவட்ட சொல்லல" என்றது குரங்கு, பெருமையாக.

முத்துராணி ஒரு பெஞ்சின் மேல் ஏறினாள்.

"எல்லாரும் கேளுங்க. கிழக்குல மொதலிடத்துக்கு ஒரு அணிதான் வரும். அப்ப ஒங்க எல்லாரு காதுலயும் ஒரே பேரத்தான் சொல்லியிருக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்ச பேர யாருக்கு ஒளிக்கிய? நான் மூணு எண்ணுதேன். எல்லாரும் சேந்தாப்புல சத்தமாச் சொல்லுங்க. காப்புக் கட்டியிருக்கிய, பொய் சொல்லப்படாது."

"கூடாது! தெய்வக் குத்தம்!" என்று சித்தர் எழுந்தார். ஆட்டம் தொடங்கும்முன் அவருக்குத்தான் முதலில் வியர்த்தது.

"ஒண்ணு… ரெண்டு… மூணு!"

"நியூயார்க்!" என்றது காளி. "டெட்ராய்ட்!" என்றது குரங்கு. "ஆர்லாண்டோ!" என்றது போலீஸ். "பாஸ்டன்!" என்று கத்திய சுடலையாண்டி, வாயை மூட மறந்து நின்றார். பின்னால் இன்னொருவர் "டெட்ராய்ட்!" என்றதும் குரங்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டது. கட்டிக்கொண்ட பிறகுதான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தது.

"கிரகம் ஆளுக்கு ஆளு மாறும்!" என்றார் சித்தர்.

"கிரகம் மாறட்டும் வே. மொதலிடமும் ஆளுக்கொண்ணா மாறும்?" என்றாள் முத்துராணி. "ஆளுக்கொரு பேரச் சொன்னா எவனுக்காவது பலிக்கத்தான் செய்யும். பலிச்சவன் மாலையோட வாரான். பலிக்காதவன் பொண்டாட்டியத் திட்டுதான்."

போலீஸ் வேடக்காரர் லத்தியைத் தூக்கினார். வேடம்தான், ஆனால் சித்தர் நிஜமாகவே ஓடினார். கிழக்கே கடல். அதனால் மேற்கே ஓடினார். அவருடைய திசை சாஸ்திரம் பலித்தது அந்த ஒரு தடவைதான்.

"வண்டி உண்டா இல்லியா வே?" என்றார் வாங்க வந்தவர்.

சுடலையாண்டி பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவில்லை. "இல்ல அண்ணாச்சி. நாளைக்குச் சேரன்மகாதேவிக்கு நெல்லு ஏத்தணும்."

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். யாராவது உங்கள் காதில் மட்டும் நாளை நடப்பதைச் சொன்னால், பக்கத்தில் நிற்கிறவரிடம் "ஒமக்கு என்ன சொன்னாரு?" என்று சத்தமாகக் கேளுங்கள். காது கொடுத்துவிட்டீர்கள், போகட்டும். மூளையையுமா சேர்த்துக் கொடுப்பது?