ராசிக் நானாவின் கடையை நான் மிரட்டிய நாள்

கோபப்படத் தெரியாதவன் கோபக்காரனாக நடிக்கப் போகக் கூடாது, பிள்ளைகளே. நான் போனேன். காரணம் என் மீசை.

பிலிமத்தலாவையில் எனக்கு ஒரு குஷன் கடை. த்ரீவீல்களுக்கு சீட் தைப்பேன். பக்கத்துக் கடை ராசிக் நானாவின் பலசரக்குக் கடை. கொழும்பிலிருந்து படம் எடுக்க வந்தவர்கள் அந்தக் கடையை ஒரு நாளைக்குக் கேட்டார்கள். பயங்கரமான கதை: அறைக்குள் இருக்கும் ஒருத்தன் முகநூலில் பொய் பொய்யாகப் போட்டு, ஊரையே ஒரு கடைக்கு எதிராகக் கிளப்பிவிடுகிறான். நானா சம்மதித்துவிட்டு, மடவளையில் மனைவி வீட்டுக் கலியாணத்துக்குக் கிளம்பினார்.

"தம்பி, கடையைப் பாத்துக்கோங்க" என்றார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் டைரக்டர் என் மீசையைப் பார்த்தார். (மீசை மட்டும்தான் வீரமானது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.) கூட்டத்தின் முன்னால் நின்று, "கடையை மூடு! ஒருத்தனும் இங்க சாமான் வாங்கக் கூடாது!" என்று நான் கத்த வேண்டும். அவ்வளவுதான்.

"கடையை மூடுங்க" என்றேன்.

"அண்ணே, 'மூடு'ன்னு சொல்லுங்க! மரியாதை வேணாம்!"

கடைக்காரராக நடித்தவருக்கு நரைத்த தாடி. வயசானவரை எப்படி 'மூடு' என்பது? திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வெயில் ஏறியது. கடைசியில் டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, உங்க வாழ்க்கையில உங்களை ரொம்பக் கடுப்பேத்தின யாரையாவது நினைச்சுக்கோங்க."

புதிதாகத் தைத்து வைத்த சீட்டைக் கடித்துக் குதறிய எலியை நினைத்தேன். கத்தினேன் பாருங்கள், பஸ் ஹோல்ட்டில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். கத்திய கையோடு ஓடிப்போய்த் தாடிக்காரரின் கையைப் பிடித்து, "ஐயா, குறை நினைக்காதீங்க" என்றேன்.

பஸ் ஹோல்ட்டில் யாரோ போனில் எடுத்திருக்கிறார். கத்தியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார். 'பிலிமத்தலாவையில் கடைக்கு மிரட்டல்!' என்று முகநூலில் தலைப்பு வேறு. படத்தில் வில்லன் செய்ய வேண்டிய வேலை, படம் முடிவதற்குள் முடிந்துவிட்டது.

"என்னங்க, நீங்க ரவுடியாமே?" என்று மனைவி போனை நீட்டினாள். சிரிப்பாகத்தான் இருந்தது, கீழே எழுதியிருந்தவற்றைப் படிக்கும்வரை. 'நாளைக்கு நாங்களும் வர்றோம்.' 'வாங்கடா பார்ப்போம்.' இரண்டு பக்கமும் முன்பின் தெரியாத ஆட்கள். நிஜமாகவே வந்துவிட்டால்? அது நானா வயிற்றைக் கட்டி வளர்த்த கடை.

போனை வாங்கி நானே பதில் எழுதினேன்: 'அது நான்தான். ஆனால் அது நான் இல்லை.'

'ஒப்புக்கொண்டுவிட்டான்!' என்று உடனே ஒரு பதில் வந்தது.

சாயங்காலம், படக்காரர்கள் கிளம்பிய பிறகு, ஒரு லொறி வந்து நின்றது. நானாவின் மச்சான்மார் சாவியோடு வந்து, கூட்டம் வருமுன் காப்பாற்ற, அவசர அவசரமாக அரிசி மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார்கள். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரல்லவா? நானும் போய் ஒரு மூட்டைக்குத் தோள் கொடுத்தேன். பாதி வழியில் மறுமுனையைப் பிடித்திருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். மூட்டையைப் போட்டார். என் கால்மேல்.

"டேய், இவன்தான்டா அவன்!"

நல்லவேளை, பின்னாலேயே நானா த்ரீவீலில் வந்து இறங்கினார். "அது படம்டு எத்தன தரம் செல்ற? நான் பயத்துல பொய் செல்றேண்டு நெனச்சிட்டீங்களா? இந்த மனுசனுக்குக் கோழி வெரட்டவும் தெரியாது!"

மூட்டைகள் திரும்ப இறங்கின. ஆனால் நாளைக்கு வருகிறவர்களுக்கு யார் சொல்வது?

"ஒத்தரும் செல்ல வாணாம்" என்றார் நானா. "காலைல நீங்க வந்து என்ட கதிரையில உக்காருங்க."

மறுநாள் வீங்கிய காலோடு கல்லாவில் உட்கார்ந்தேன். கலகெதரயிலிருந்து மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அந்த ஆள் எங்க?" என்று கேட்டார்கள்.

"அவர்தான்" என்று நானா என்னைக் காட்டினார். "என்ன வேணும், செல்லுங்க, நிறுத்துத் தருவாரு."

நான் பருப்பைத் தட்டில் போட்டுப் பாதியைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், நானாவைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "சீனி அரைக் கிலோ" என்றார். அன்று முழுக்க அப்படித்தான். சண்டை பார்க்க வந்தவர்களெல்லாம் சாமானோடு போனார்கள். நான் பருப்பு நிறுத்ததையும் சிலர் படமெடுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பிலிமத்தலாவைக்கு அது போதுமாக இருந்தது.

படம் வந்தபோது குடும்பத்தோடு கண்டிக்குப் போய்ப் பார்த்தோம். என் மீசைக்கு வேறு யாரோ குரல் கொடுத்திருந்தார்கள்.

இப்போது மடவளையில் எந்தக் கலியாணம் என்றாலும் எனக்கு அழைப்பு வரும். கூடிச் சாப்பிடும் பெரிய சஹன் தட்டில், மூட்டை போட்ட மச்சான்தான் என்னைத் தன் பக்கத்தில் உட்கார்த்துவார். போன தடவை அவருடைய சின்ன மகள் தூரத்தில் நின்று என் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கிட்டே வந்து, தட்டிலிருந்த பெரிய கோழித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"இத சாப்பிடுங்க. எங்க வாப்பாக்கு ஏச வாணாம்."