கொக்கி அண்ணனும் தொங்கும் அரிசி மூட்டையும்

கித்தாரைச் சுவரில் மாட்ட எந்தக் கொக்கியை நம்பலாம்? அதுவும், கீழே ஒரு பிள்ளை கையில் அகப்பட்டதையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடித் திரியும் வீட்டில், எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில் மாட்டலாம்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த ஒரே மனிதர் கோலசிலாங்கூரில் எங்கள் பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ரவாங்குக்குப் போய்விட்டார். யோசித்துப் பார்த்தால், அவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

உலகத்தில் எந்தச் சுவரையும் நம்பாத ஒரே மனிதரும் அவர்தான், எங்கள் கொக்கி அண்ணன். மனிதர்களை நன்றாக நம்புவார். அதிர்ஷ்டக் குலுக்கலில் கார் விழுந்திருக்கிறது என்று யாராவது போனில் ஏமாற்ற அழைத்தால்கூட, "சந்தோஷம் தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்பார். சுவர் என்று வந்துவிட்டால் மட்டும் முகம் மாறிவிடும். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் வாசல் சுவரை விரல் முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்பார். அதன் பிறகுதான் எங்களை நலம் விசாரிப்பார். சுவர் நலமாக இல்லாத வீட்டில் ஆட்கள் எப்படி நலமாக இருக்க முடியும் என்பது அவர் கணக்கு.

அவர் வீட்டு வரவேற்பறையில் மூன்று கித்தார்கள் தொங்கும். அவருக்கு ஒன்றையும் வாசிக்கத் தெரியாது. அவர் லோரி ஓட்டுநர். பல வருடங்களுக்கு முன், ஓர் இசைக்குழுவின் சாமான்களை ஏற்றிக்கொண்டு தஞ்சோங் காராங், சுங்கை பஞ்சாங் என்று கல்யாணம், திருவிழா நடக்கும் இடமெல்லாம் போய் வந்தவர். குழுவில் ஒருவர் வேலைக்கென்று சிங்கப்பூர் போனார். ஒருவர் கல்யாணம் செய்துகொண்டு சத்தமே இல்லாத மனிதரானார். மற்றவர்களும் ஆளுக்கொரு திசையில் கரைந்துபோக, கடைசிக் கச்சேரிக்கு ஏற்றிய கித்தார்கள் இறக்க ஆளில்லாமல் லோரியிலேயே தங்கிவிட்டன.

அப்போது நான்கு இருந்தன. ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது அது சரிந்து, கழுத்து முறிந்து கிடந்தது. அன்றிலிருந்துதான் சுவருக்கும் அவருக்கும் ஆகாது.

"அவனுங்க வந்து கேட்டா குடுக்கணும்லம்மா," என்பார். யாரும் வந்து கேட்டதில்லை. அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்றையும் துடைத்து, யாராவது வரக்கூடும் என்று கதவைத் திறந்தே வைத்திருப்பார்.

அவர் கொக்கி வாங்கும் அழகைப் பார்க்க வேண்டும். தஞ்சோங் காராங்கில் ஒரு ஹார்ட்வேர் கடை. கித்தாரின் கழுத்தைத் தாங்கும் இரண்டு கைகளையும் விரித்துப் பார்ப்பார். கைகளைச் சுற்றியிருக்கும் ரப்பரை முகர்ந்து பார்ப்பார். மட்டமான ரப்பர் நாளாக நாளாகக் கித்தாரின் வார்னிஷில் ஒட்டிக்கொள்ளுமாம். ஒரு நாள், பாரம் ஏறியதும் தானாக வாயை மூடிக்கொள்ளும் புது மாதிரிக் கொக்கிக்குள் தன் கட்டைவிரலை விட்டு, கையின் கனத்தைத் தொங்கவிட்டுச் சோதித்தார். கட்டைவிரலை வெளியே எடுக்கக் கடை முதலாளியான சீனத் தவுக்கே எண்ணெய் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஒருமுறை அந்தத் தவுக்கேயிடம், "இதுல ஒங்க மவன தொங்க விடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"எம் மவன் தொண்ணூறு கிலோ லா. வேற கேள்வி கேளுங்க," என்றாராம் தவுக்கே.

வாங்கி வந்த கொக்கியில் நேராகக் கித்தாரை மாட்டிவிட மாட்டார். முதலில் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். கித்தார் அவ்வளவு கனம் இருக்காதே என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"கித்தாரு நாலு கிலோம்மா. பயம் ஆறு கிலோ. சேத்துத் தாங்கணும்ல?"

அந்த மூட்டையை அவர் சமைத்ததே இல்லை. வீட்டில் அரிசி தீர்ந்துபோன நாளில்கூட எங்களிடம் கிண்ணம் ஏந்தி வந்து கடன் வாங்கிப் போனார். அது சாப்பிடுகிற அரிசி இல்லையாம், வேலை செய்கிற அரிசியாம்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் மூட்டை விழுந்தால் இந்தப் பக்கம் என் மகன் கவின் விழித்துக்கொள்வான். அப்போது அவன் கைக்குழந்தை. கோபப்படலாமா, படித்தவள் இப்படிச் சண்டைக்குப் போகலாமா, போகாவிட்டால் நல்ல தாய்தானா என்று நான் மூன்றையும் யோசித்து முடிப்பதற்குள் அவரே வாசலில் நிற்பார். "முழிச்சிட்டானா? சாரிம்மா. சொவரு ஏமாத்திருச்சி."

பாதுகாப்பு என்றால் நீளமான ஸ்க்ரூ என்று அவர் முடிவு செய்த காலம் ஒன்று உண்டு. அந்தச் சமயத்தில்தான் எங்கள் படுக்கையறைச் சுவரில் ஓர் ஆணிமுனை தென்பட்டது. முன்பு குடியிருந்தவர்கள் அடித்தது என்று நினைத்து, என் கணவர் அதில் மளிகைக் கடைக் காலண்டரை மாட்டினார். முருகன் படம் போட்ட காலண்டர். பல மாதம் அதில்தான் நல்ல நாள் பார்த்தோம். ஒரு மாலை காலண்டர் லேசாக ஆடியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குள் எதையோ இழப்பதுபோல் சாய்ந்து, பொத்தென்று விழுந்தது. முருகன் படம் தானாக விழுந்தால் என்ன பலன் என்று யாரிடம் கேட்பது என யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கொக்கி அண்ணன் கையில் நீண்ட ஸ்க்ரூவோடு வந்தார். கொக்கியை மாற்றுவதற்காக அவர் கழற்றியது எங்கள் ஆணியை.

"இத்தன நாளு எங் கித்தாருக்குக் காவலா முருகனயா நிக்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இவ்வளவு செய்தவரை நான் ஏன் பொறுத்துக்கொண்டேன் என்றால், ஒரு தொட்டில் விஷயத்தால்தான். கவின் பிறந்து வீட்டுக்கு வந்தபோது உத்திரத்தில் கொக்கி போட்டு, ஸ்பிரிங் மாட்டித் துணித் தொட்டில் கட்டினோம். எனக்கு அவனை அதில் போட மனம் வரவில்லை. கணவர் சிரித்தார், எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் வளர்கின்றன என்றார். பக்கத்து வீட்டில் செய்தி எப்படியோ தெரிந்து, கொக்கி அண்ணன் அரிசி மூட்டையோடு வந்தார். மூட்டையைத் தொட்டிலில் போட்டு, கீழே உட்கார்ந்து ஆட்ட ஆரம்பித்தார். வெயில் தாழும்வரை ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்து என் கணவரின் அத்தை பிள்ளையைப் பார்க்கத் தங்க வளையலோடு வந்து இறங்கினார். நான் கவினோடு உள்ளே இருந்தேன். கூடத்தில் முன்பின் தெரியாத ஒரு மீசைக்காரர் தொட்டில் ஆட்டுகிறார். அத்தை ஆசையாகத் துணியை விலக்கிப் பார்த்தார்.

"இது இன்னாய்யா?" என்றார்.

"பத்துக் கிலோ," என்றார் இவர், குரலைத் தாழ்த்தி.

அத்தை இன்றும் அவரை எங்கள் வீட்டுக் கிறுக்கன் என்றுதான் சொல்வார். நான் அன்று மாலைதான் பயமில்லாமல் கவினைத் தொட்டிலில் போட்டேன்.

சென்ற மாதம் அவருடைய மகள் அவரை ரவாங்கில் தன் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே பாதிச் சுவர் அட்டைச் சுவர். மீதிச் சுவரில் துளை போடக்கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. புறப்படும் நாளில் அவர் மூன்று கித்தார்களையும் எங்களிடம் கொண்டுவந்தார். "அவனுங்க வந்தா குடுத்துரும்மா. சாய்ச்சு மட்டும் வைக்காதே." பிறகு லோரிக்குத் திரும்பிப் போய், அரிசி மூட்டையைத் தூக்கி வந்து என் கணவரின் கையில் கொடுத்தார். கித்தார்களைக் கொடுக்கும்போது கலங்காத கண், அப்போது கலங்கியது.

நானும் முறையாகத்தான் தொடங்கினேன். வெயில் படாத செங்கல் சுவராகப் பார்த்து, சோபாவுக்கு மேலே வேண்டாம் என்று தள்ளி, கவினின் கைக்கு எட்டாத உயரத்தில் கொக்கி அடிக்கச் செய்தேன். மூட்டையைத் தொங்கவிட்டேன். அது இன்னும் தொங்குகிறது. கித்தார்கள் விருந்தாளிகள் போல் உள்ளறைக் கட்டிலில் படுத்திருக்கின்றன. கவின் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் சுவரை விரல் முட்டியால் தட்டிவிட்டுத்தான் வருகிறான்.

தினமும் மாலையில் ரவாங்கிலிருந்து போன் வரும்.

"மூட்ட விழுந்துச்சாம்மா?"

"இல்லண்ணே."

"சொவர நம்பாதே. இன்னும் ரெண்டு நாளு பாப்போம்."

அதற்குப் பிறகு கவின் சாப்பிட்டானா, சளி விட்டதா, மகள் வீட்டில் லிஃப்ட் எப்படிப் பேசுகிறது என்று அரை மணி நேரம் ஓடும். கணவர் மட்டும் கேலி செய்கிறார். "அந்த மூட்ட தாங்கிருச்சின்னு ஒலகத்துக்கே தெரியும். எப்பதான் கித்தார மாட்டப் போறே?"

எனக்கும் தெரியும். மாட்டிவிட்டால், அந்தப் போனில் அவர் கேட்க என்ன இருக்கும் என்பதுதான் தெரியவில்லை. போன வாரம் தஞ்சோங் காராங் போய் வேறொரு கொக்கி வாங்கி வந்தேன். ரப்பரை முகர்ந்து பார்த்தேன். சரியில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வாசகர்களில் கித்தார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உறுதியான கொக்கி எதுவென்று நான் கேட்கவில்லை. சோதித்து முடிக்க ரொம்ப நாள் பிடிக்கிற கொக்கி எதுவென்று தெரிந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.