பூமாலை சிமெண்ட் வாயடைத்த படலம்

தோழர்களே, திரண்டு வாருங்கள். பகுத்தறிவுக்கு இழைக்கப்பட்ட பாதகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். எண்பத்தெட்டாம் ஆண்டில், அரியலூர்ச் சுண்ணாம்புக் காட்டில், பெயர் வேண்டாத ஒரு சிமெண்ட் ஆலையில், விசைப்பலகையே வேற்படையாய், விரல்களே வெஞ்சினச் சேனையாய் வீற்றிருந்த பூமாலை வாழ்க!

மூட்டை நிரப்பும் பொறியின் இரும்புவாயை இனி யூனிக்ஸ் கம்ப்யூட்டரே திறந்து மூட வேண்டும். அதற்கான கட்டளைத் தொகுப்பு, லைப்ரரி என்னும் நாமம் பூண்டு, மனிதர் எழுதிய மூலமாக வந்திருந்தது. அதைப் பொறிமொழியாக்கிக் கட்டுவதே அவள் கடன். நண்பகலில் பெரிய அதிகாரி வருமுன் வாய் அடங்கினால் வேலை நிரந்தரம்; அடங்காவிடில் மறுபடி பெரம்பலூர் டைப்பிங் வகுப்பு.

அந்தோ, வெள்ளிக்கிழமை, பத்தரை மணி. மானேஜர் அமிர்தலிங்கம் குறுக்கே நின்றார்.

“ராவுகாலம் பொறந்துடுச்சும்மா.”

“மிசினுக்கு ஏதுங்க சார் ராவுகாலம்?”

“அப்ப மிசின்ல மணிய பன்னெண்டரைன்னு மாத்திக்க. அதுக்கு என்ன தெரியப்போவுது?”

மேலிடத்து ஆணை. மாற்றினாள், லைப்ரரியைக் கட்டினாள், மணியைப் பழையபடி திருப்பினாள். ‘மூடு’ என்று முழங்கினாள். சோழகங்கத்து ஏரிக்கரை உடைந்தாற்போல், இரும்புவாய் அகலத் திறந்து, வெண்புழுதி வெள்ளம் மானேஜரை முடிமுதல் அடிவரை மூழ்கடித்தது.

“சாரப் பாருங்க, செட்டிகுளத்து மலையில விபூதி அபிசேகம் முடிஞ்சாப்புல நிக்கிறாரு” என்றான் மூட்டை பிடித்த மதுரைவீரன்.

மூலத்தின் ஒரு வரியில் ‘திற’வும் ‘மூடு’வும் இடம் மாறிக் கிடந்தன. திருத்தினாள், மீண்டும் கட்டு என்றாள். ‘எல்லாம் புதிதே, செய்ய ஒன்றுமில்லை’ என்றது கம்ப்யூட்டரின் ஆணவக் கண்ணாடித்திரை. அவள் கண் சிவக்க, காது கொதிக்க, கட்டளைக் கணைகளை மாரியெனப் பொழிந்தும், மதில்மேல் நின்று நகைக்கும் மாற்றானைப்போல் அதே விடை, அதே விடை, அதே விடை.

அமிர்தலிங்கம் கைக்கடிகாரத்துச் சிமெண்டைத் துடைத்து, ராகுகாலம் முடிந்ததா என்று பார்த்தார். பூமாலைக்குப் பொறி தட்டியது. பழைய கட்டுமானத்தின் மேல் பன்னிரண்டரை மணி முத்திரை. திருத்திய மூலத்தின் மேலோ பதினொன்று. நேரம் பார்த்தே புதிது பழையது பிரித்து, மூலம் புதிதானால் மட்டுமே மீண்டும் கட்டும் கம்ப்யூட்டருக்குத் தப்பே புதிது, திருத்தமே பழையது!

பழையதைப் பூண்டோடு அழித்தாள். ராகுகாலத்தின் நட்டநடுவில், மானேஜர் கண்ணை இறுக மூடிக்கொள்ள, புதிதாய்க் கட்டினாள். இரும்புவாய் மூடியது. அதிகாரி வந்தார், கண்டார், அவள் வேலையை உறுதி செய்தார்.

“நான் பாத்துக் குடுத்த நேரம்மா” என்றார் அமிர்தலிங்கம், இருமிக்கொண்டே.

ஆகவே எழுக, இன்றே எழுக, மடமையின் கோட்டையை மண்மேடாக்கச் சூளுரைத்து எழுக, என் தோழர்களே: கம்ப்யூட்டர் மணியை மாற்றாதீர்கள்.