இருபத்திரண்டாவது அரியதரம்

2024ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். வெள்ளவத்தையில் கடற்பக்கம் வெயில், காலி வீதிப்பக்கம் கருமேகம், இரண்டுக்கும் நடுவிலிருந்த கோயில் மண்டபத்தில் தாங்க முடியாத புழுக்கம். அந்த நேரத்தில்தான், என் உயிருக்காக என் மனைவி பிடித்துவந்த விரதத்தின் படையல் தட்டிலிருந்து, அரிசிமாவும் பாகும் சேர்த்துச் சுட்ட ஓர் அரியதரத்தை எடுத்து நான் வாயில் போட்டுக்கொண்டேன்.

(பசியினால் அல்ல. கணக்கைச் சரிசெய்வதற்காக. இதை இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.)

நான் முப்பத்தாறு வருடம் நில அளவையாளனாக இருந்தவன். எண்ணுவது எனக்குத் தொழிலாகத் தொடங்கி வியாதியாக முடிந்தது. எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்கு ஐம்பத்துநான்கு படிகள். லிப்ற் அந்த வருடம் பதினேழு நாள் வேலை செய்யவில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அங்கே கிடக்கிற எல்லாச் செருப்புகளையும் எண்ணிவைப்பேன். திரும்பி வரும்போது எண்ணிக்கை குறைந்திருந்தால் போனது என்னுடையதாக இருக்குமோ என்ற பயம். (அதற்கு உங்கள் செருப்பை மட்டும் பார்த்தால் போதாதா என்று மனைவி கேட்பாள். அவளுக்கு இந்த முறையெல்லாம் விளங்காது.)

இப்படிப்பட்ட ஆளுக்குக் கேதார கௌரி விரதம் பிடிக்காமல் இருக்குமா? அது முழுக்க முழுக்க இருபத்தொன்று. இருபத்தொரு நாள் ஒரு நேரச் சாப்பாடு, கடைசி நாளான ஐப்பசி அமாவாசையில் முழுப் பட்டினி. இருபத்தோர் இழையில் முறுக்கிய நூலைக் காப்பாகக் கட்டுவார்கள், பெண்களுக்கு இடது கையில், ஆண்களுக்கு வலது கையில். படையல் தட்டில் வெற்றிலை இருபத்தொன்று, பாக்கு இருபத்தொன்று, வாழைப்பழம் இருபத்தொன்று, அரியதரம் இருபத்தொன்று. என் மனைவி பரமேஸ்வரியின் தாய்வீட்டு வழக்கப்படி, இருபத்தொரு வருடம் இடைவிடாமல் பிடித்தால்தான் விரதம் பூர்த்தி.

அவள் 2004இல் தொடங்கினாள். அந்த வருடம் எனக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிழைப்பது ஐம்பதுக்கு ஐம்பது என்று டொக்டர் சொன்னார். (எந்தக் கணக்கின்படி என்று கேட்டேன். நித்திரைக்கு ஊசி போட்டுவிட்டார்கள்.) முதல் வருடத்தையும் சேர்த்து எண்ணினால் 2024தான் இருபத்தோராவது வருடம்.

அந்தக் கடைசி வருடம் பார்த்து, ஒக்டோபரில் பரமேஸ்வரி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப்போட்ட கையுடனும் விரதத்தை விடவில்லை. ஹெந்தளையில் இருக்கிற எங்கள் மகள் வாசுகி வந்து அரியதரம் சுட்டுக் கொடுத்தாள். பரமேஸ்வரி இடது கையாலேயே அவற்றை வட்டத் தட்டின் விளிம்பைச் சுற்றி ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கினாள். தட்டைத் தூக்கிக்கொண்டு போவது மட்டும் என் வேலை.

மண்டபத்தில் தட்டுகளெல்லாம் நிலத்தில் வரிசையாக இருந்தன. எண்பத்துமூன்று. பரமேஸ்வரியைப் பெண்கள் முன்னுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தினார்கள். போகமுன் அவள் சொன்னாள்:

"இஞ்சரப்பா, ஆரும் மிதிச்சுப் போடாமல் தட்டைப் பாத்துக்கொண்டு இருங்கோ. வேற ஒண்டும் செய்ய வேண்டாம். எண்ணவும் வேண்டாம். நான் எண்ணித்தான் வைச்சனான்."

"ஏன், எண்ணினால் குறைஞ்சு போயிடுமோ?" என்று கேட்டேன்.

(இந்த வாக்கியம் எங்கள் வீட்டில் இப்போது சின்னப்பிள்ளைக்கும் பாடம்.)

அவள் முதுகு திரும்பியதும் எண்ணத் தொடங்கினேன். வெற்றிலை சரி. பாக்கு சரி. பழம் சரி. அரியதரம் இருபத்திரண்டு.

 பூர்த்தி வருடம். இருபது வருடப் பட்டினி ஓர் அரியதரத்தில் பிழைத்துப் போவதா? கூடினதை எங்கே வைப்பது? சட்டைப் பையில் வைத்தால் எண்ணெய் ஊறும். பரமேஸ்வரியிடம் கொடுத்தால் எண்ணியது தெரிந்துபோகும். சீனி வருத்தம் வந்து ஏழு வருடமாக நான் அரியதரத்தைக் கண்ணால் மட்டுமே உண்டவன். கணக்கும் நாக்கும் ஒரே பக்கம் சாய்ந்த சந்தர்ப்பம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மென்றுகொண்டிருக்கும்போது பக்கத்துத் தட்டுக்குக் காவலிருந்த மனோன்மணி ரீச்சர் திரும்பிப் பார்த்தார். எங்கள் தொடர்மாடியில் நாலாம் மாடிக்காரி. இளைப்பாறியும் வகுப்பைக் கைவிடாதவர்.

"என்ன ஐயா, வாயில?"

"வெத்திலை, ரீச்சர்."

"படைக்கிற வெத்திலையையோ?"

பதில் சொல்ல வாய் இடம் தரவில்லை. அவர் எங்கள் தட்டின் வெற்றிலையை எண்ணத் தொடங்கினார். அவர் வெற்றிலையை எண்ண, நான் நிம்மதிக்காக அரியதரத்தை இன்னொரு தரம் எண்ணினேன்.

இருபது.

என்ன நடந்ததென்று உடனே விளங்கியது. ஒரு காணியை அளக்கும்போது முதற்கட்டையில் தொடங்கி எல்லையைச் சுற்றி வந்து, கடைசியில் அந்த முதற்கட்டையிலேயே போய் முட்ட வேண்டும். அப்போதுதான் அளவை மூடும். வட்டத் தட்டிலும் என் கண் அப்படியே சுற்றிவந்து, தொடங்கிய அரியதரத்தை இரண்டாந்தரமும் எண்ணியிருக்கிறது. முதல் வருடம் வேலை பழகுகிறவன் விடுகிற பிழை. அதற்காக நானே எத்தனையோ பேரை ஏசியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் குருக்கள் விரதக் கதையைத் தொடங்கினார். கதை முடிந்ததும் நைவேத்தியம். அதற்குள் ஓர் அரியதரம் வேண்டும். எழும்பி ஓடினேன். வாசலில் காலில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு காலி வீதியில் ஏறினேன். மழை இறங்கியது.

முதலாவது பலகாரக் கடைக்காரர் வெறும் தட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, தீபாவளி நேற்று. எல்லாம் முடிஞ்சுது. மிக்சர் இருக்கு, தரட்டோ?"

"மிக்சரை எப்பிடித் தம்பி எண்ணுறது?"

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

ஒலிபெருக்கி வீதிவரை கேட்டது. பிருங்கி முனிவர் சிவனை மட்டும் வலம்வர நினைத்து, வண்டாக உருவெடுத்து, அம்மையையும் அப்பனையும் பிரித்துத் துளைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது கடையிலும் இல்லை. தேவி கோபித்துக்கொண்டு கயிலையை விட்டுப் புறப்பட்டுவிட்டா. மூன்றாவது கடை பூட்டு. தேவி கௌதம முனிவரின் ஆச்சிரமத்துக்கு வந்து, இந்த விரதத்தைக் கேட்டறிந்து, நோன்பைத் தொடங்கிவிட்டா. இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது, நேரம் காணும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். (குருக்கள் இருபத்தொரு நாளையும் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.)

சந்தைப்பக்கம் ஒரு சிங்களப் பெண்மணி கண்ணாடிப் பெட்டியில் கொண்டைப் பலகாரம் வைத்து விற்பது நினைவுக்கு வந்தது. முச்சக்கரவண்டியை மறித்து ஏறினேன்.

"அதிரஸ தியெனவத?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன். நாங்கள் அரியதரம் என்பதை அவர்கள் அதிரஸ என்பார்கள். மாவும் ஒன்று, பாகும் ஒன்று, பெயரில்தான் கொஞ்சம் வித்தியாசம்.

"தியெனவா, ஸீயா. கீயக் ஓனத?" இருக்கிறது தாத்தா, எத்தனை வேண்டும் என்கிறாள்.

"எகாய்." ஒன்று.

"எகாய்?"

அந்த மழையில், சொட்டச் சொட்ட நனைந்த ஒரு கிழவன் வண்டி பிடித்து வந்து ஒன்றே ஒன்று கேட்டால் அவளும் என்னதான் நினைப்பாள்? பத்துப் போட்ட பக்கற்றாகத்தான் விற்பாளாம். வாங்கினேன். மிச்சச் சில்லறை தரும்போது என் காலைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் குனிந்து பார்த்தேன். ஊதாப் பூ வைத்த பெண்கள் செருப்பு. அதில் ஒன்றின் வார் அறுந்திருந்தது.

நான் மண்டபத்துக்குள் நுழையும்போது சிவன் தன் இடப்பாகத்தைத் தேவிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பியிருந்த அந்த நொடியில் ஓர் அதிரஸவைத் தட்டின் விளிம்பில் செருகினேன். வேலை முடிந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என்னால் முடியுமா? முன்னைய பிழை வராதபடி முதலாவதன்மேல் ஒரு மல்லிகைப் பூவை வைத்து அடையாளம் செய்துவிட்டு எண்ணினேன்.

இருபத்திரண்டு.

எதிர்ப்பக்கமாகச் சுற்றி எண்ணினேன். இருபத்திரண்டு. கை தன்பாட்டில் தட்டை நோக்கி நீண்டது. கதை முடிந்து, மணி அடிக்கமுன், மண்டபம் முழுவதும் மூச்சுக்கூடக் கேட்காத இடைவெளி அது.

"இஞ்சரப்பா! கையை எடுங்கோ!"

பரமேஸ்வரியின் குரல். அவள் கதிரை குருக்களின் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இருந்தது. கோயிலுக்குள், ஒழுங்கைக்குள், காலி வீதியில், எல்லா இடத்திலும் கேட்டது. எண்பத்துமூன்று தட்டுக்காரரும் திரும்பி என் கையைப் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். நான் ஓடிய கையோடு மனோன்மணி ரீச்சர் முன்னுக்குப் போய், "பரமேஸ், உம்மட அவர் வெத்திலையைச் சப்பிக்கொண்டு என்ர செருப்பையும் போட்டுக்கொண்டு ஓடுறார்" என்று அறிவித்திருக்கிறார். பரமேஸ்வரி வந்து பார்த்தாள். எண்ணவில்லை, வட்டத்தில் விழுந்திருந்த இடைவெளியே அவளுக்குப் போதும். கைப்பையில் கடதாசி சுற்றி வைத்திருந்த மூன்று அரியதரத்தில் ஒன்றை அங்கே வைத்துவிட்டுப் போய்விட்டாள். உடைந்தால் வைக்கவென்று விரதகாரப் பெண்கள் எல்லோரும் இரண்டு மூன்று மேலதிகமாகக் கொண்டுவருவார்களாம். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

குருக்கள் ஒலிவாங்கியைக் கையால் மூடாமலே சொன்னார்: "ஐயா, ஒண்டு கூடினால் குற்றமில்லை. குறையாமல் பாத்துக்கொண்டால் காணும்."

மண்டபம் சிரித்தது. மணி அடித்தது.

வீட்டுக்கு வந்து பரமேஸ்வரி கஞ்சி குடித்தாள். பிறகு கிண்ணத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இந்த வருஷம் கணக்கில வராது."

"ஏன் வராது? படைக்கேக்க இருபத்தொண்டு இருந்ததுதானே. ஒண்டு கூட."

"படைக்க முன்னம் திண்டாச்சு. அதுவும் ஆருக்காகப் பிடிச்சனோ அந்த ஆளே திண்டாச்சு."

"அப்ப இந்த வருஷத்தைக் கழிச்சுப்போட்டு, வாற வருஷம் ஒண்டு பிடிச்சால் சரியாப் போச்சு."

"விட்ட இடத்தில தொடங்கேலாது. திரும்ப முதலில இருந்துதான்."

  மூடாத அளவையை முதற்கட்டையிலிருந்துதான் திரும்பத் தொடங்க வேண்டும் என்று முப்பத்தாறு வருடம் மற்றவர்களுக்குச் சொன்னவன் நான்.

அவள் முறியாத கையின் விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். என்னிடம் கேட்கவில்லை.

"உங்களுக்கு இப்ப எழுபத்துநாலு. முடியேக்க தொண்ணூற்றைஞ்சு. அதுவரைக்கும் இருக்கோணும்."

"என்ர கையிலயோ இருக்கு?"

"உங்கட கையாலதானே வந்தது. இருங்கோ."

இப்போது ஹெந்தளைக்குப் போனால், வடைத் தட்டை என் முன்னால் வைக்கும்போதெல்லாம் மருமகன், "மாமா, எண்ணாதேங்கோ, குறைஞ்சிடும்" என்கிறார். பேத்தி என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நெஞ்சு கொஞ்சம் இறுக்குகிறது என்று நான் சொன்னால், மாத்திரையை எடுத்துத் தரும்போதே பரமேஸ்வரி, "இன்னும் கனக்க வருஷம் கிடக்கு" என்கிறாள்.

ஆகவே, ஓர் அரியதரத்துக்கு எனக்கு வந்த மொத்தச் செலவு: அதிரஸ பக்கற் அறுநூற்றைம்பது ரூபா, முச்சக்கரவண்டி முந்நூறு, மனோன்மணி ரீச்சருக்குப் புதுச் செருப்பு ஒரு சோடி, இருபத்தொரு வருடம். அதில் ஒரு வருடம் சென்ற ஐப்பசியோடு கழிந்தது. மிச்சம் இருபது. ஒருதரம்தான் எண்ணினேன்.