கயிறு அண்ணேயின் சிவப்புப் பொத்தான்

பினாங்குத் தீவில் கைப்பேசிக்கே மரியாதை கற்றுக்கொடுக்கப் பார்த்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் கயிறு அண்ணே. துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால் கயிற்றை இழுத்துக் கட்டுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் என்னவென்று அவரே அடையாள அட்டையைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று லெபோ பாசார் தெருவில் பேசிக்கொள்வார்கள்.

பாய் கடையில் நாங்கள் இருவரும் ஒரே மேசை. அவர் பேசுவார், நான் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடிப்பேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு குறைவு. மனைவி போன பிறகு அந்தக் கொஞ்சமும் நின்றுவிட்டது. அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கியவள் எழுந்திருக்கவேயில்லை. அதன்பிறகு கடலைத் தாண்டவேண்டும் என்றாலே எனக்கு மூச்சு அடைக்கும். பெர்ரியானாலும் பாலமானாலும் ஒன்றுதான்.

அக்கரையில், புக்கிட் தெங்காவில், என் மகளுக்குப் பெண் பிறந்திருந்தது. “அப்பா, நீங்க வந்து மடியில வச்சுக்கிட்டாதான் பேர் வைப்பேன்” என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். என் பேத்தி பெயரில்லாமலே வளர்ந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். மனக்கவலைக்கும் சிகரெட்டை விடுவதற்கும் கைப்பேசியில் ஒரு செயலி செய்திருக்கிறார்களாம். பயன்படுத்திப் பார்த்துக் குறை நிறை சொல்ல ஆள் வேண்டுமாம். அண்ணே சிகரெட்டுக்காகச் சேர்ந்தார். எனக்கும் சேர்த்து அவரே தலையாட்டிவிட்டார்.

தினமும் நாலு மணிக்குச் செயலி மணியடித்து, “இப்போது எப்படி இருக்கிறீர்கள்?” என்று பெண்குரலில் கேட்கும். சிரிக்கிற முகத்தையோ அழுகிற முகத்தையோ தொடவேண்டும்.

“நல்லா இருக்கேம்மா. நீ சாப்பிட்டியா?” என்பார் அண்ணே.

செயலி வாயைத் திறக்காது. அவருக்குக் கோபம் வந்துவிடும். அடுத்த முறை வந்த பல்கலைக்கழகப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா புள்ள வளர்த்திருக்கீங்க? தினம் நலம் விசாரிக்குது, நான் திருப்பிக் கேட்டா பதிலே இல்லலா!”

அவள் சிரிக்காமல் அதையும் ஒரு குறையாக எழுதிக்கொண்டாள்.

அடுத்து மூச்சுப் பயிற்சி. “மெதுவாக மூச்சை இழுங்கள்” என்று செயலி கொஞ்சும். இப்படிக் கொஞ்சினால் கப்பல் லங்காவித் தீவுக்கே போய்விடும் என்று சொல்லி, அதன் சத்தத்தை அடைத்துவிட்டு அண்ணே தானே கத்த ஆரம்பித்தார்.

“இழு! கட்டு! விடு!”

கடை மொத்தமும் பயந்து மூச்சை இழுத்தது. ‘கட்டு’ வந்தபோது ரொட்டி சானாய் வீசுகிறவர் அப்படியே நின்றார். ரொட்டி நிற்கவில்லை, அவர் தலையில் விழுந்தது. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இதைச் சாப்பாட்டுக்கு முந்திய வழிபாடு என்று நினைத்துக் கைகூப்பினார்கள்.

“அண்ணே, உங்க மூச்சால என் யாவாரம் நின்னு போச்சு!” என்றார் பாய், முகம் சிவந்து.

“யாவாரம் இருக்கட்டும் பாய். மொதல்ல விடுங்க, இன்னும் புடிச்சுக்கிட்டே இருக்கீங்க.”

செயலியில் ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. மனசு தாங்காதபோது அழுத்தினால், நாம் கொடுத்திருக்கும் எண்ணுக்கு அழைப்பு போகும். ஒருநாள் சிகரெட் ஆசை முற்றி அண்ணே அதை அழுத்தினார். லைன் பிஸியாக இருந்தது. மறுபடி அழுத்தினார். அதேதான்.

“பாய்! நான் அவசரத்துல அடிக்கிறேன், எவனோ என் நம்பர்ல பேசிட்டு இருக்கான்லா!”

தன்னுடைய எண்ணையே கொடுத்து வைத்திருந்தார்.

“வேற ஒருத்தர் நம்பர் கொடுக்கணும், அங்கிள்” என்றாள் அன்று வந்திருந்த பல்கலைக்கழகப் பெண்.

“எனக்குக் கஷ்டம்னா என்னைவிட யாரும்மா சீக்கிரம் வருவா?”

கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு என் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தார். என் பொத்தானில் எந்த எண்ணுமே இல்லை. அவர் எண்ணை என்னுடையதிலும் என் எண்ணை அவருடையதிலும் போட்டார்.

“முடிஞ்சது. கப்பலுக்கு முன்னாலயும் கயிறு, பின்னாலயும் கயிறு.”

அன்று நாலு மணிக்கு நான் வழக்கம்போல் சிரிக்கிற முகத்தைத் தொடப்போனேன். என் கையைத் தட்டிவிட்டார். “போனுகிட்டயுமா தம்பி வெட்கப்படுவ?” என்று அழுகிற முகத்தை அவரே தொட்டார். “எந்திரி. பெர்ரி ஏறுற ஜெட்டிக்குப் போறோம்.”

பெர்ரியில் என்னைப் பின்பக்கம் உட்காரவைத்துவிட்டு அவர் முன்பக்கம் போய்விட்டார். நடுக்கடலில் மூச்சு அடைத்தது. பொத்தானை அழுத்தினேன். “இழு! கட்டு! விடு!” என்று குரல் கைப்பேசியிலும் வந்தது, கைப்பேசி இல்லாமலும் வந்தது. பயணிகள் பதறிப்போய் உயிர்காப்பு மேலங்கியைத் தேடினார்கள். நான் மட்டும் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

அன்றே பேத்தியை மடியில் வாங்கினேன். “என்ன பேரும் வைம்மா, கயிறுன்னு மட்டும் வச்சிராத” என்றார் அண்ணே.

சோதனை முடிந்தது. பல்கலைக்கழகப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஆனாலும் நாலு மணிக்கு என் கைப்பேசி அடிக்கும்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல. பொத்தான் வேலை செய்யுதான்னு சும்மா டெஸ்ட் பண்றேன். சாப்பிட்டியா?”

போன மழைக்காலத்தில் அண்ணே தூக்கத்திலேயே போய்விட்டார். பேத்தி இப்போது ஓடுகிறாள். ஞாயிறுதோறும் நான் தனியாகவே பெர்ரியில் போய் அவளைப் பார்த்து வருகிறேன். மூச்சு அடைப்பதில்லை. இருந்தாலும் நடுக்கடல் வந்ததும் அந்தப் பொத்தானை அழுத்துகிறேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் மலாயில் சொல்கிறாள். கடைசிவரை கேட்கிறேன்.

சும்மா டெஸ்ட்தான் அண்ணே. சாப்பிட்டீங்களா?