காசிக்குப் போன சித்தப்பாவும் பதினோரு கார்டுகளும்

தபால் கார்டு போட்டே ஒரு மனிதரைக் காசிக்கு அனுப்பியவன் நான். அவருடைய பிழைப்பும் கூடவே போயிற்று. இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். முப்பது வருடமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்குத்தான் இன்னும் முழுசாகச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். வீடு கிழக்குத் தாம்பரம். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். நாள் முழுக்க நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுப்பவனுக்கு அபிப்பிராயம் சொல்ல அங்கே இடமேது? அதனால் எல்லா அபிப்பிராயங்களையும் சேர்த்துவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து டிவியின்மேல் கொட்டுவேன். அந்த நடிகைக்கு அழத் தெரியவில்லை, இந்த நடிகருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, என்று ஆரம்பித்தால் விளம்பரத்தில் வரும் குழந்தையைக்கூட விடமாட்டேன். "நீ வாயை மூடினாத்தான்டா கதை புரியும்" என்பாள் சுமதி அக்கா. (அவள் கணவர் வெளியூர் வேலையில் இருந்ததால் அப்போது எங்களோடுதான் இருந்தாள்.)

அந்த நாள் தொடர்கள் இப்போதுபோல் தலைமுறை தலைமுறையாக ஓடாது. வாரம் ஒரு முறை, பதின்மூன்று வாரம், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை வந்த குடும்பத் தொடர் ஒன்றில் ஒரு சித்தப்பா இருந்தார். கோதண்டம் என்று டிவிக்குப் புதிய நடிகர். எதற்கெடுத்தாலும் இருமுவார். பெண் பார்க்க வந்தால் இருமல், பாகப்பிரிவினை என்றால் இருமல். மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. பதினோரு தபால் கார்டுகள் வாங்கினேன்.

முதல் கார்டு என் பெயரில். 'இருமலை மிகைப்படுத்துகிறார். இயல்பு போதாது. இவரைக் கதையிலிருந்து நீக்கினால் தொடர் உருப்படும்.' மற்றவை அம்மா பெயரில், அக்கா பெயரில், 'ஒரு தாய்' என்ற பெயரில், இரண்டு வருடத்துக்கு முன் காலமான பெரியப்பா பெயரில். சிலவற்றை இடது கையால்கூட எழுதினேன். எல்லாமே பச்சை மை. பச்சை மையில் கையெழுத்துப் போடுவது அதிகாரிகளுக்கு உள்ள உரிமை. தொழிற்சாலையில் எனக்கு அது கிடையாது என்பதால் வீட்டில் அதிகாரியாக இருந்தேன்.

ஐந்தாவது வாரம், நேயர் கடித நிகழ்ச்சியில் என் கார்டைப் படித்தார்கள். 'தாம்பரம் முரளி' என்று அறிவிப்பாளர் சொன்னபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏழாவது வாரம் கதாநாயகி சாதம் பரிமாறிக்கொண்டே, "சித்தப்பா காசிக்குப் போயிட்டாரு" என்றாள். செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஒரு காட்சிகூட இல்லை. நான் தெருவெல்லாம் சுற்றி, அனுப்பியது யார் தெரியுமா என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பல் விளக்கக்கூட நேரமில்லாமல் திரிந்தேன் என்பது அக்கா சேர்த்த கதை.

இரண்டு வாரம் கழித்து எங்கள் நலச்சங்கத்துக்கு ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் டிவி நட்சத்திரமாக இருக்க வேண்டும் என்பது செயலாளர் தணிகாசலம் சாரின் பிடிவாதம். பெரிய நட்சத்திரங்கள் யாரும் தாம்பரம் பாலத்தைத் தாண்டச் சம்மதிக்கவில்லை. கிடைத்தவர் ஒருவர்தான். பக்கத்துப் பெருங்களத்தூரில் குடியிருந்தார்.

"முரளி, சீரியல் விஷயமெல்லாம் உனக்குத்தான் அத்துப்படி. கோதண்டம் சாரை நீயே போய்க் கூட்டிட்டு வந்துடு" என்றார் தணிகாசலம் சார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மனைவி திறந்தார்.

"வாங்க தம்பி, குந்துங்க. அவரு சட்டை மாத்திக்கினு கீறாரு."

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அதே இருமல். ஆறு வாரம் பார்த்தவனுக்குத் தெரியாதா?

"அடடா, வீட்லயும் ஒத்திகையா?" என்று கேட்டுச் சிரித்தேன். (இந்த இடத்தில் பூமி பிளந்திருக்கலாம். பிளக்கவில்லை.)

அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுல ஒத்திக இன்னா தம்பி? பல்லாவரத்தாண்ட கல்லு ஒடைக்கிற கிரஷர்ல பன்னெண்டு வருசம் சூபர்வைசரா இருந்தாரு. அந்தத் தூசி. டாக்டரு சொல்லி வேலைய வுட்டாச்சு."

"அப்போ டிவியில...?"

"அடக்கிக்கினுதான் வசனம் பேசினாரு. மீறி வந்த இருமல டைரக்டரு கேட்டுட்டு, நல்லாக் கீதே, அப்டியே வுடுங்கன்னாரு. பதிமூணு வாரமும் முடிச்சா அடுத்த கதையில அப்பா வேசம் தரேன்னாரு. இனிமே இதான் பொழப்புன்னு இருந்தோம். ஆறோட அனுப்ச்சிட்டாங்க."

கோதண்டம் வெளியே வந்தார். திரையில் பார்த்ததைவிட ஒல்லி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. "வாங்க தம்பி. நம்மளையும் மதிச்சுக் கூப்பிட்டீங்களே" என்று கும்பிட்டார். எனக்குக் கும்பிடக் கை எழவில்லை.

அந்த அம்மாள் விடவில்லை. காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த கட்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "சீரியல் எடுத்த கம்பெனியில குடுத்தாங்க. ஜனங்க அபிப்பிராயமாம். நீங்களே பாருங்க."

பதினோரு கார்டுகள். மேலே இருந்தது பெரியப்பாவுடையது.

"வுடு, ஜனங்க எழுதறதுதானே" என்றார் அவர்.

"இன்னா ஜனங்க? பதினொண்ணும் பச்ச மை, பதினொண்ணும் தாம்பரம். எவனோ ஒருத்தன்தான். பேஜார் புடிச்சவன்."

"ஆமாங்க, பேஜார் பிடிச்சவனாத்தான் இருக்கணும்" என்று நானும் சேர்ந்து திட்டினேன். முதல் கார்டில் என் பெயர் இருந்ததே என்கிறீர்களா? நான் இன்னும் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. சங்கத்திலிருந்து வருகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கார்டுகளைக் கட்டிலில் வைத்தேன்.

அந்த அம்மாள் காபி போட உள்ளே போனார். "மேடையில என்னைப் பத்தி நாலு வரி சொல்லுவீங்க இல்ல? எழுதிக்குங்க தம்பி. வேலைக்கு நடுவுலயும் நாடகத்துல இருபது வருஷம் இருந்திருக்கேன்" என்றார் கோதண்டம். பையிலிருந்து பேனாவை எடுத்து நாலு வரி எழுதினேன். வேறு பேனா கேட்டிருக்கலாம் என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

அவர் அந்தக் காகிதத்தையே பார்த்தார். பச்சை எழுத்துகள். பிறகு கட்டிலைப் பார்த்தார். பிறகு என்னை. அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டதும் கார்டுகளை அள்ளி, விளிம்பு சேர்த்து, மனைவி வருவதற்குள் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டார்.

"காபி சாப்பிட்டுக் கிளம்பலாம் தம்பி" என்றார்.

வழியில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "அண்ணே, காசிக்குப் போனது நீதானே? எப்ப வந்தே?"

"இன்னும் வரலப்பா" என்றார் கோதண்டம். நான் ஜி.எஸ்.டி. ரோட்டை வெறித்துக்கொண்டிருந்தேன்.

விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பேசுவதற்கென்று நாடக வசனம் ஒன்றைத் தயார் செய்து வந்திருந்தார். மைக்கைப் பிடித்து, "பெரியோர்களே" என்பதற்குள் இருமல் வந்துவிட்டது. கூட்டம் எழுந்து கைதட்டியது. "சித்தப்பா, இன்னொரு தடவை" என்று பின்வரிசையில் கத்தினார்கள். அவருக்கு இருமல் நிற்கவில்லை. கைதட்டலும் நிற்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

நான் தண்ணீரோடு மேடைக்கு ஓடி மைக்கைப் பிடுங்கினேன். "கொஞ்சம் சும்மா இருங்க. இது நடிப்பு இல்ல, நிஜ இருமல்" என்றேன். பந்தலே சிரித்தது. "நிஜமாத்தான் சொல்றேன்" என்று அழாத குறையாகச் சொன்னேன். இன்னும் சிரித்தது. "நம்ம முரளியும் நல்லா நடிக்கிறாரே" என்று தணிகாசலம் சார் எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார். முன்வரிசையில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கோதண்டம் நாற்காலியில் உட்கார்ந்தபடி கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் கொண்டுவந்த வசனம் அவரிடமே இருந்துவிட்டது.

திரும்பப் போகும்போது ஆட்டோவில் மன்னிப்புக் கேட்டேன்.

"அது கிடக்கட்டும். இன்னும் நாலு வாரம் பாக்கி இருக்கு தம்பி" என்றார். "இன்னொரு பதினோரு கார்டு போடுங்க. சித்தப்பா திரும்பி வரணும்னு. போன தடவை உங்க பேச்சைக் கேட்டாங்க இல்ல?" வீட்டு வாசலில் இறங்கும்போது, "மையை மட்டும் மாத்திப் போடுங்க" என்றார்.

முப்பது கார்டு போட்டோம். நீலம், கறுப்பு, பென்சில். அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அவளே உட்கார்ந்து ஏழு எழுதினாள். ஒவ்வொரு செவ்வாயும் காத்திருந்தோம். கதையில் யாராவது கதவைத் தட்டினால் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். பால்காரர் வருவார், தரகர் வருவார். பதின்மூன்றாவது வாரம் கல்யாணக் காட்சி. கதாநாயகன் ஒரு தந்தியைப் பிரித்து, "சித்தப்பா காசியிலேருந்து ஆசீர்வாதம் அனுப்பியிருக்காரு" என்றான். முப்பது கார்டுக்கும் அந்த ஒரு வரிதான் கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் பெருங்களத்தூர் போகவில்லை. போக முகமில்லை. பல வருடம் எந்தத் தொடர் வந்தாலும் பெயர்ப் பட்டியலைக் கடைசிவரை படித்தேன். கோதண்டம் என்ற பெயர் வரவேயில்லை. பார்க்கிறவனுக்கு நடிகர் தன் வீட்டு வேலையாள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு இருந்தது. இன்று எல்லோருடைய கைபேசியிலும் கமெண்ட் என்ற பெயரில் என் பதினோரு கார்டுகள் இருக்கின்றன. அதைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது.

இன்றும் டிவி முன்னால் நான் வாயைத் திறந்தால், "யாரைக் காசிக்கு அனுப்பப் போறே?" என்று கேட்பாள் அக்கா. என் பேத்திகூட அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். போன மார்கழியிலிருந்து எனக்கும் ஒரு இருமல். தொழிற்சாலைத் தூசியாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். அன்றைக்கு அக்கா வந்திருந்தாள், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது இருமல் வந்தது.

"ஓவர் ஆக்டிங் பண்ணாதடா. கார்டு போட்டுடுவேன்" என்றாள் அக்கா.

வீடே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். இருமல் அதிகமாகி, மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பேத்தி கைதட்டி, "தாத்தா, இன்னொரு தடவை" என்றாள்.